கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுக்காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியின் பின்வாசலைத் தாண்டினால் 22 ஏக்கர் காடு இருக்கிறது. கல்லூரியின் ஏடுகளில் அதற்குக் கள ஆய்வு நிலையம் என்று பெயர். மாணவர்களுக்கு அது பின்காடு. அதில் 6 ஏக்கரை எடுத்து ஒரு மாணவர் விடுதியும் அடுக்குக் கார் நிறுத்துமிடமும் கட்டவும், முன்வாசலையும் பின்வாசலையும் இணைத்து ஒரு சாலை போடவும் நிர்வாகம் திட்டம் வைத்திருக்கிறது.

நான் அங்கே 19 ஆண்டுகள் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மாதத்தில் ஒரு ஞாயிறு மரங்களை அளக்கப் போகிறேன். திட்டம் வெளியே தெரிந்த நாளிலிருந்து வாட்ஸ்அப்பிலும், கோயில் வாசலிலும், காலையில் பசியாறும் கடையிலும் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். நிர்வாகத்தோடு இன்னும் பேசிக்கொண்டிருப்பதால் கல்லூரியின் பெயரைப் போடவில்லை.

கள ஆய்வு நிலையம் என்கிறீர்கள், அங்கே ஒரு கட்டடம்கூடக் காணோமே?

தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, ஒரு நீள மேசை, ஒரு மழைமானி. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் மரங்களிலும் நோட்டுப் புத்தகங்களிலும் இருக்கிறது.

ஒரு மரத்தின் அருகே போய்ப் பாருங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்று மரத்தைச் சுற்றியிருக்கும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு சின்னச் சுருள்வில் இழுத்துப் பிடித்திருக்கும். மரம் பருக்கப் பருக்கப் பட்டையில் ஓர் இடைவெளி விரியும். அந்த இடைவெளியைக் காலிப்பரால் அளந்து, மரத்தின் எண்ணோடு எழுதி வைப்போம். சில மாதம் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. மழை பொய்த்த மாதங்களில் மரம் கொஞ்சம் சுருங்கிக்கூட இருக்கும். அதையும் எழுதுவோம். முப்பது ஆண்டுக்கு மேலாக இந்த வேலை நடக்கிறது. முதல் நோட்டை எழுதிய விரிவுரையாளர் இன்று இல்லை. ஆனால் அவர் கையெழுத்தில் இருக்கும் எண்ணுக்கு நேராக நாங்கள் இன்றைய எண்ணை எழுத முடிகிறது.

இதில் ஆண்டுக்கணக்குக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், நம் நாட்டுக் காடு ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மெராந்தி, கபூர் போன்ற பெரிய மரங்கள் பல ஆண்டுகள் பூக்காமலே இருக்கும். பிறகு திடீரென்று ஒரே பருவத்தில் காடு முழுக்கச் சேர்ந்து பூக்கும். இடைவெளி இரண்டு ஆண்டாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். உலு கோம்பாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையம் 1965இல் தொடங்கியது. மெட்வே பிரபு என்ற விலங்கியலாளர் அந்தக் காட்டில் 1960களில் குறிப்பிட்ட மரங்களை மாதந்தோறும் பார்த்து, எது எப்போது தளிர்த்தது, பூத்தது, காய்த்தது என்று வருடக்கணக்கில் குறித்தார். நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 1980களில் 50 ஹெக்டேரை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள கன்று வரை எண்ணினார்கள். 814 வகை மரங்கள் இருந்தன. எண்ணியதோடு விடாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் போய் அதே மரங்களை எண்ணியதால்தான் எந்த வகை பெருகுகிறது, எது குறைகிறது என்று சொல்ல முடிகிறது.

எங்களுடையது சின்ன நிலையம். ஆனால் அதே வேலைதான்.

இது பழைய பால்மரக்காடு, ரப்பர் தோட்டம். ஆதிகாடு என்றால் காப்பாற்றலாம், இதற்கு எதற்கு இவ்வளவு பாடு?

பால்மரக்காடுதான், எனக்கு அது நன்றாகவே தெரியும். என் அப்பா வெட்டிய தீம்பார், அதாவது பால்மர வரிசைகள், அதற்குள் இருக்கிறது. விடியற்காலை நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவார். அம்மா பால் வடியும் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் உரித்துக் கூடவே போவார். தோட்டத்தை மூடிய பிறகு லயத்தை இடித்தார்கள். மரங்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

117ஆம் எண் மரம் அந்தக் காலத்து ரப்பர் மரம். என் இடுப்பு உயரத்திலிருந்து தோள் வரை பட்டை முழுக்க மேடும் பள்ளமுமாக இருக்கும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்ட இடங்களில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும் பழைய வெட்டுக்கோட்டை விரலால் தடவிப் பின்தொடரலாம். அது அப்பா வெட்டிய மரம்தானா என்று எனக்குத் தெரியாது. அந்த வரிசை அவருடையது.

இப்போது அந்த ரப்பர் மரங்களுக்கு நடுவே வேறு மரங்கள் எழுந்து நிற்கின்றன. முதலில் வந்தது செண்டுடுக் செடியும் மாஹாங் மரமும். மாஹாங் தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும். அதற்குள் எறும்புகள் குடியிருக்கும். இலைக்காம்பின் அடியில் அரிசிக் குருணை போல வெள்ளையாக உணவு செய்து மரமே அந்த எறும்புகளுக்குக் கொடுக்கிறது. யாராவது இலையை லேசாகக் கிள்ளினால், எறும்புகள் ஓட்டையிலிருந்து வந்து விரலைச் சூழ்ந்துகொள்ளும். முதல் பருவத்து மாணவர்கள் முதலில் கையை உதறுவார்கள், அப்புறம் குனிந்து பார்ப்பார்கள். எத்தனையோ பேருக்கு உயிரியல் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

மாஹாங்கின் நிழலில் அடுத்த தலைமுறை மரங்கள் வந்தன. வௌவாலும் பறவையும் கொண்டுவந்து போட்ட விதைகள் அவை. கைவிட்ட தோட்டம் தானாகவே எப்படிக் காடாகிறது என்பதை ஆரம்பத்திலிருந்து விடாமல் எழுதி வைத்த இடம், அதுவும் நகரத்துக்குள்ளே! ஆதிகாட்டில் இந்தப் பாடத்தைப் படிக்க முடியாது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா 1974இல் உருவானதும் பழைய ரப்பர் நிலத்தில்தான். இன்று அது 80 ஹெக்டேர்.

22 ஏக்கரில் 6தானே போகிறது? மிச்சம் 16 இருக்கிறதே?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

22 ஏக்கர் என்றால் ஏறக்குறைய 9 ஹெக்டேர். எங்கள் காடு கிட்டத்தட்டச் சதுரம், பக்கத்துக்கு 300 மீட்டர். நடுவில் நிற்கும் மரத்துக்கும் வெளியோரத்துக்கும் இடையே 150 மீட்டர் இருக்கிறது. 6 ஏக்கர் எடுத்தால் ஒரு பக்கம் 80 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை போய்விடும். மிச்சம் 300க்கு 220. இதுவரைக்கும்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வரைபடத்தில் அந்தச் சாலை இருக்கிறது. அது மிச்சக் காட்டின் நடுவே போகிறது. அப்போது கிடைப்பது 150க்கு 220 மீட்டர் அளவில் இரண்டு துண்டு. எந்தத் துண்டிலும் எந்த மரமும் ஓரத்திலிருந்து 75 மீட்டருக்கு மேல் உள்ளே இருக்காது.

ஓரத்தில் என்ன ஆகிறது? பக்கவாட்டில் வெயில் நுழைகிறது, காற்று நுழைகிறது, தரையின் ஈரம் காய்கிறது. நிழலில் வளர்ந்த மரம் திடீரென்று காற்றுக்கு முன்னால் நின்றால் சாய்ந்துவிடும். அந்த வெளிச்சத்தில் கொடிகள் ஏறி மூடிக்கொள்ளும். பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு அருகே 1979 முதல் காட்டுத் துண்டுகளை ஆராய்ந்து வருகிறார்கள். ஓரத்தால் வரும் மாற்றங்களில் பெரும்பாலானவை முதல் 100 மீட்டருக்குள் தெரிகின்றன என்பது அங்கே கிடைத்த பாடம். பெரிய மரங்கள் சாவது அதற்கும் உள்ளே வரை போகிறது. இப்போது நம் 75 மீட்டரை அதோடு வைத்துப் பாருங்கள். 16 ஏக்கரும் ஓரமாகிவிடும். வரைபடத்தில் பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் முப்பது ஆண்டாக நாங்கள் அளந்து வந்த காடு அங்கே இருக்காது.

அதனால்தான் கட்டடத்தைவிட அந்தச் சாலைக்கு நான் அதிகம் பயப்படுகிறேன். நிர்வாகத்தோடு நடந்த முதல் கூட்டத்திலும் சாலையைப் பற்றித்தான் பேசினேன்.

வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் வேறு இடத்தில் இரண்டு மரம் நடுவார்களாமே?

நடட்டும், நல்லதுதான். ஆனால் அதை இதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள முடியாது.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்துக்குப் போயிருப்பீர்கள். ஈயம் தோண்டி விட்ட நிலத்திலும் காய்கறித் தோட்டத்திலும் 1920களின் கடைசியில் மரம் நடத் தொடங்கினார்கள். இன்று அங்கே கபூர் மரங்களின் கீழ் நின்று மேலே பார்த்தால், ஒரு மரத்தின் கிளை இன்னொன்றைத் தொடாமல், நடுவில் ஆறு ஓடுவது போல வானம் தெரியும். 2025இல் அந்த வனப் பூங்கா யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மனிதர் நட்ட காடு இவ்வளவு அழகாக வரும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அதற்குச் சுமார் நூறு ஆண்டுகள் ஆயின, நூற்றுக்கணக்கான ஹெக்டேர் நிலமும் தேவைப்பட்டது, அதைக் கவனிக்க ஒரு நிறுவனமே கூட இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் நடும் கன்றுக்கு இதில் எது இருக்கிறது?

117ஆம் மரத்தின் நோட்டையும் வேறு மரத்துக்கு மாற்றி எழுத முடியாது.

விலங்குகளைப் பிடித்து வேறு காட்டில் விட்டுவிடலாமே?

குரங்கைப் பிடிக்கலாம். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு பகல் முழுக்க அசையாமல் இருக்கும் கூபோங் என்ற பிராணியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். 19 ஆண்டு பழகிய எனக்கே பல நாள் கண்ணில் படாது. அந்தியில் அது கைகால்களுக்கு நடுவே உள்ள தோலை விரித்து, பக்கத்து மரத்துக்குச் சறுக்கிப் போகும். சறுக்கும்போது உயரம் குறையும், போய் ஒட்டிய மரத்தில் மறுபடி மேலே ஏறும். தரையில் நடக்கத் தெரியாத பிராணி. நெருக்கமாக உயர்ந்த மரங்கள் இருந்தால்தான் அதற்கு வாழ்க்கை. விடப்போகும் காட்டில் ஏற்கெனவே வேறு விலங்குகள் குடியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

காடு கல்லூரிக்குள்ளே. பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் எங்களுக்கு இதனால் என்ன?

மூன்று விஷயம் சொல்கிறேன்.

மழை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் கொட்டுகிறது, அதுவும் பெரும்பாலும் மாலையில் ஒரே மூச்சாக. காட்டுத் தரையில் இலைச்சருகு ஒரு விரல் ஆழம் கிடக்கிறது. அது தண்ணீரைக் குடித்து மெல்ல விடுகிறது. தார் போட்ட தரை அப்படியே கீழே தள்ளிவிடும். கீழே இருப்பது உங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் போகும் பெரிய லோங்காங், அதாவது வடிகால். அது இப்போதே விளிம்பு வரை வருகிறது.

வெப்பம். பின்வாசலில் தார்ச்சாலையிலிருந்து காட்டுக்குள் இருபது அடி வைத்தாலே உடம்புக்குத் தெரியும். விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, டுரியான். பத்துமலைக் குகைகளில் தேன் குடிக்கும் வௌவால்கள் இருக்கின்றன. 1970களில் அவற்றை ஆராய்ந்தவர்கள், இரவில் வெகுதூரம் பறந்து டுரியான், பெத்தாய் பூக்களில் மகரந்தம் சேர்ப்பது இவைதான் என்று கண்டார்கள். தைப்பூசத்துக்கு நாம் படியேறும் அதே மலைதான். டுரியான் எப்போதாவதுதான் பூக்கும். மற்ற மாதங்களில் இந்த வௌவாலுக்குக் காட்டு வாழை, சாலையோர மரம், இப்படி நகரத்தில் சிதறிக் கிடக்கும் பச்சைத் திட்டுகள்தான் சோறு. எங்கள் காடு அப்படி ஒரு திட்டு.

நம் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டாமா, அக்கா?

வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமே இல்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகள் ஓர் அடுக்குமாடி வீட்டில் எட்டுப் பேர், ஒன்பது பேர் என்று இருக்கிறார்கள். என் தம்பி மகளும் அப்படித்தான் இரண்டு ஆண்டு ஓட்டினாள். இரவு ஆய்வுக்கூடம் முடிந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவாள். நான்தான் பல நாள் நிறுத்தம் வரை கூடப் போவேன். விடுதி நாளைக்கே வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நானாக இருக்கும்.

ஆனால் கல்லூரியின் முன்பக்கம் இப்போது இருக்கும் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தைப் பாருங்கள். முழுக்கத் தார். ஒரு மரம் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து இரண்டு நிமிடம். கீழே கார்கள், மேலே விடுதி என்று அங்கே கட்டினால் பிள்ளைகள் இரவில் காட்டோரமாக நடக்க வேண்டிய அவசியமும் இருக்காது. கட்டும் காலத்தில் கார் நிறுத்த இடம் இருக்காது என்பதுதான் நிர்வாகம் சொன்ன ஒரே மறுப்பு. அது இரண்டு ஆண்டுச் சிரமம். அதற்கு வழி பார்க்கலாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

மனிதரா மரமா என்றால் நீங்கள் மரத்தின் பக்கமா?

இப்படி ஒரு கேள்வியை நம் முன்னால் யார் வைக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

புக்கிட் கியாரா கதை நம் சமூகத்துக்குத் தெரிந்ததுதான். பழைய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் நீள்வீடுகளில் காத்திருந்தன. 2017இல் தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட அனுமதி வந்தது. அந்தக் குடும்பங்களுக்கான வீடும் அதே திட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. பூங்காவைக் காக்க நினைத்த தாமான் மக்கள் வழக்குப் போட்டார்கள். பூங்கா வேண்டும் என்றால் ஏழைக்கு வீடு கிடைக்காது, வீடு வேண்டும் என்றால் பூங்கா போகும் என்று இரண்டு தரப்பும் எதிரெதிராக நின்றன. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

தாமான் மக்களின் வெற்றியில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. நீள்வீட்டுப் பெரியவர்களின் காத்திருப்பை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டதுதான் தவறு என்று நினைக்கிறேன். எங்கள் கல்லூரியிலும் விடுதியையும் சாலையையும் ஒரே திட்டமாகக் கட்டி, ஏற்றுக்கொள், இல்லையென்றால் எல்லாவற்றையும் விடு என்கிறார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வழக்கறிஞர் இல்லை. எங்களுக்கு உதவும் வழக்கறிஞர் சொல்லிப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் கட்டட வளர்ச்சிக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் பொருந்தும். அனுமதி தருவது மாநகர் மன்றம். நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றவோ அடர்த்தியைக் கூட்டவோ விண்ணப்பித்தால், பக்கத்து நிலச் சொந்தக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து மறுப்பைக் கேட்கும் நடைமுறை உண்டு. 2025இல் அரசிதழில் வந்த 2040 உள்ளூர்த் திட்டத்தில் நம் நிலம் எந்தப் பயன்பாட்டுக்கான நிறத்தில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கியாரா தீர்ப்பு இங்கே நமக்கு உதவுகிறது. பாதிக்கப்படும் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுக்கலாம் என்பதையும், சட்டப்படி வகுத்த திட்டத்தை விட்டு விலகும்போது மாநகர் மன்றம் காரணம் சொல்ல வேண்டும் என்பதையும் அது தெளிவாக்கியது.

சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வருகிறது. எந்த வேலைக்கு அது கட்டாயம் என்ற பட்டியல் 2015இல் வந்த ஆணையில் இருக்கிறது. அது பெரும்பாலும் நிலப்பரப்பை வைத்துப் போட்ட பட்டியல். 6 ஏக்கர் மாதிரிச் சின்ன வேலைகள் பொதுவாக அதில் அகப்படுவதில்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்கைப் பிடிப்பதையும் கொல்வதையும்தான் முக்கியமாகத் தடுக்கிறது. அந்த விலங்கு தங்கும் மரத்தை ஒரு கல்லூரி தன் சொந்த நிலத்தில் வெட்டுவது வேறு கதை. ஆக, சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

ஓரத்தில் இருக்கும் முனீஸ்வரர் கோயில் என்ன ஆகும்?

திட்டத்தில் கோயிலுக்குப் புதிய மண்டபம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோயில் குழுவில் சிலருக்கு அதில் விருப்பம் இருக்கிறது, அது அவர்கள் உரிமை. நான் சொல்வது ஒன்று: தோட்டத்து ஆட்கள் அந்தச் சாமியை மரத்தடியில் வைத்தார்கள். மண்டபம் வரட்டும், அந்த மரமும் நிற்கட்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

பாம்பு, கொசு இருக்குமே?

பாம்பு உண்டு, நம்மைக் கண்டால் ஒதுங்கும். ஏடிஸ் கொசு பெருகுவது பெரும்பாலும் பூந்தொட்டித் தட்டிலும் அடைத்துக்கொண்ட மழைத் தகரத்திலும் தேங்கும் தண்ணீரில். அது வீட்டைச் சுற்றித்தான் இருக்கிறது.

நாங்கள் என்ன செய்யலாம்?

தாமான்வாசிகள் வீட்டு வாசலில் வரும் அறிவிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். வந்தவுடன் படம் எடுத்து அனுப்புங்கள். மறுப்பு எழுதும்போது ‘மரத்தை வெட்டாதே’ என்று ஒற்றை வரியில் எழுதாமல், உங்கள் லோங்காங் எந்த மாதம் எத்தனை முறை நிரம்பியது என்று தேதியோடு எழுதுங்கள்.

பழைய மாணவர்கள் அங்கே செய்த ஆய்வேடுகளைத் தேடி எடுங்கள். பரணில், மாமியார் வீட்டில், பழைய கணினியில், எங்கே இருந்தாலும் சரி. எந்த ஆண்டு, எந்த மரம், என்ன அளந்தீர்கள் என்பது போதும். சென்ற மாதம் ஈப்போவில் ஆசிரியையாக இருக்கும் ஒருவர் 1998இல் எழுதிய பறவைப் பட்டியலை அனுப்பினார். நோட்டில் கறையான் தின்ற இரண்டு பக்கங்கள் அதனால் நிரம்பின.

பெற்றோர்கள் நிர்வாகத்திடம் விடுதியைக் கேளுங்கள், முன்பக்கத்தில் கேளுங்கள்.

ஒரு முறை வந்து பார்க்கலாமா?

தாராளமாக. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை 7.30, பின்வாசல். நீளக் கால்சட்டை, மூடிய காலணி. மழை பெய்த மறுநாள் என்றால் அட்டை ஏறும், உப்பு நான் வைத்திருப்பேன். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். ரப்பர் காய் வெடிக்கும் பருவமாக இருந்தால் பட் பட்டென்று சத்தம் கேட்கும். விதைகளைப் பொறுக்கி விளையாடலாம், ஆனால் எண் போட்ட மரங்களின் கீழே மட்டும் பொறுக்க வேண்டாம், அவற்றை நாங்கள் எண்ணுகிறோம். ஒருவர் காலிப்பரைப் பிடிக்க வேண்டும், ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். எழுத ஆள் குறைவாக இருக்கிறது.